அமெரிக்காவில் ரெசிடென்சி தொடங்கும் நம் டாக்டர்களுக்கு: சிரித்துச் சமாளிக்காதீர்கள்

பேட்ஜ், லாகின், ட்ரெயினிங் வீடியோ எல்லாம் ரெசிடென்சி என்னும் மேற்பயிற்சி தொடங்கும் ஜூலை 1-க்கு முன்பே, அதை நிர்வகிக்கும் ஜிஎம்இ அலுவலகம் முடித்துக் கொடுத்துவிடும். வார்டில் விழும் சின்னச் சின்னக் குத்தல் பேச்சுகளுக்கு என்ன பதில் சொல்வது என்பதை மட்டும் நாமே பழகிக்கொள்ள வேண்டும்.

பேஷன்ட் உங்களைத் தட்டு எடுக்க வந்தவர் என்று நினைத்தால், "ஐ ஆம் யுவர் டாக்டர்" என்று சொல்லி நேராக நோய்க்கு வந்துவிடுங்கள். "அமெரிக்க டாக்டர்தான் வேண்டும்" என்று அடம்பிடித்தால் முதலில் அவர் உடல்நிலையைப் பாருங்கள். அவசரம் என்றால் சிகிச்சை நிற்கக் கூடாது. இல்லையென்றால் வெளியே வந்து, உங்களை மேற்பார்வையிடும் மூத்த டாக்டரான அட்டெண்டிங்கைக் கூப்பிடுங்கள். டாக்டரை மாற்றுவதா என்பது அட்டெண்டிங்கின் முடிவு. இப்படி நடந்தால் யார் பேசுவது என்று துறை மாறி மாறி வேலை பார்க்கும் ஒவ்வொரு ரொட்டேஷனின் முதல் நாளே சீனியரிடம் கேட்டு வையுங்கள். அந்த நேரத்தில் வார்த்தை வராது.

நம்மவர்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது மேலே இருப்பவரிடம். ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் "நீ பேசுவது ஒன்றும் புரியவில்லை" என்பார் அட்டெண்டிங். பெரியவர்களை எதிர்த்துப் பேசாமல் வளர்ந்த நாம் தலையாட்டிச் சிரிப்போம். அங்கே அதைக் குறையை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். ரெசிடென்சி புரோகிராம்களை அங்கீகரிக்கும் ஏசிஜிஎம்இ வகுத்த ஆறு தகுதிகளில் தகவல்தொடர்பும் ஒன்று. அதை மதிப்பிடும் குழு வருடத்துக்கு இருமுறை கூடுகிறது. உச்சரிப்பைப் பற்றிய கிண்டல் இப்படித்தான் "தகவல்தொடர்பில் குறை" என்று ஃபைலில் ஏறுகிறது. கான்ட்ராக்ட் வருடாவருடம் புதுப்பிக்கப்படுவது. பயிற்சிக்காகத் தரப்படும் ஜே-1 விசாவும் அதை நம்பித்தான் இருக்கிறது.

அதனால் அன்றைக்கே, தனியாகப் போய்க் கேளுங்கள்: "விச் பார்ட் வாஸ் அன்கிளியர்?" பிரசன்டேஷனில் குழப்பம் இருந்தால் திருத்த வழி கிடைக்கும், இல்லையென்றால் அவரிடம் பதில் இருக்காது. பேசியதைச் சுருக்கி, நன்றி சொல்லி, இரவுக்குள் அவருக்கே ஒரு மெயில் போடுங்கள். அதில் கோபம் தெரியக் கூடாது. தேதி, இடம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் நான்கையும் தனியாகக் குறித்து வையுங்கள். பேஷன்ட் பெயர் மட்டும் வேண்டாம். ரகசியமாக ஆடியோ பதிவு செய்யவே செய்யாதீர்கள், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் அது குற்றம்.

மறுபடியும் நடந்தால் சீஃப் ரெசிடென்ட், பிறகு புரோகிராம் டைரக்டர். அவரே பிரச்சினை என்றால், மருத்துவமனையின் எல்லா ரெசிடென்சி புரோகிராம்களுக்கும் பொறுப்பான டிஐஓ. இனம், பிறந்த நாடு சார்ந்த பாகுபாடாக முற்றினால் வேலையிடப் பாகுபாட்டை விசாரிக்கும் மத்திய அரசு அமைப்பான ஈஈஓசியில் புகார் தர 180 நாள்தான், இதே வேலைக்கு மாநில அமைப்பும் இருக்கும் இடங்களில் 300. உள்ளே விசாரணை நடக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நிற்காது.