யாழ்ப்பாணத்துப் பழங்கட்டடங்களை நடந்து பார்க்கும் முறை

யாழ்ப்பாண நகரைப் பார்க்க வருபவர்களில் பெரும்பாலானோர் ஓட்டோ பிடித்து, கோட்டை வாசலிலும் நூலக வாசலிலும் படமெடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குள் நல்லூரையும் முடித்துவிடுகிறார்கள். கோட்டையிலிருந்து பழைய கச்சேரி எனப்படும் பழைய அரசாங்க அலுவலகம் வரையான தூரம் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர்தான் என்பதால், அந்தப் பகுதியையாவது நடந்து பார்ப்பதே நல்லது. மாரி மழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை. சித்திரை வெயிலில் வருபவர்கள் குடையும் தண்ணீரும் இல்லாமல் இறங்கக்கூடாது.

காலையில் கோட்டையை அடுத்துள்ள முற்றவெளி மைதானத்தில் நின்று கோட்டையை முதலில் வெளியிலிருந்து பாருங்கள். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1658 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதை இடித்து ஐந்து முனைகளுடைய நட்சத்திர வடிவில் மீண்டும் கட்டினார்கள். உட்கோட்டை 1680 அளவில் முடிந்தது, வெளி அரண்களோ 1792 வரை இழுபட்டன. அவ்வளவு பாடுபட்டும் மூன்று ஆண்டுகளுக்குள், 1795 இல், பிரித்தானியரிடம் அது கைமாறியது. அகழியைத் தாண்டி உள்ளே போனதும் அவசரப்பட்டு மதில்மேல் ஏறாமல், சுவரை ஒரு சாண் தூரத்தில் நின்று பாருங்கள். சுண்ணக்கல்லுக்கு நடுவே முருகைக்கற்கள், அதாவது பவளப்பாறைக் கற்கள், தெரியும். கடலில் உயிரோடு இருந்தபோது அவற்றில் அமைந்த பூப்போன்ற வரிகளும் துளைகளும் இன்னும் அழியவில்லை. விளிம்பு கூராக, நிறம் வெளிறி, சாந்து புதிதாக இருக்கும் இடங்கள் உள்நாட்டுப் போருக்குப் பின் திருத்தப்பட்டவை. இந்த வேறுபாட்டைக் கண் பழகிக்கொண்டால் நகரின் மற்றக் கட்டடங்களைப் பார்ப்பதும் எளிதாகும். உள்ளே 1706 இல் சிலுவை வடிவில் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம் இருந்தது. போரில் அது தகர்ந்துபோனதால், இன்று அதன் இடத்தில் நின்று சுவர் எங்கே ஓடியிருக்கும் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது.

கோட்டையிலிருந்து பொது நூலகத்துக்கு நடந்தே வரலாம். 1933 இல் க. மு. செல்லப்பாவின் முயற்சியில் சிறிதாகத் தொடங்கிய இந்த நூலகத்துக்கு, நூலகவியல் அறிஞர் இரங்கநாதனின் ஆலோசனையோடு சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த கட்டடம் 1959 இல் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன. இப்போது நாம் காண்பது பழைய தோற்றத்தைப் பின்பற்றித் திருத்திய கட்டடம். முன்னால் வீற்றிருக்கும் சரஸ்வதியின் எதிரில் சற்றுத் தள்ளி நின்றால் குவிமாடமும் இரு பக்கச் சிறகுகளும் ஒருசேரத் தெரியும். உள்ளே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் உரக்கப் பேசுவதையும் கேளாமல் படமெடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

அருகிலுள்ள மணிக்கூட்டுக் கோபுரம், வேல்ஸ் இளவரசர் 1875 இல் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பட்டது. அரசாங்கக் கட்டடக் கலைஞர் சிமிதர் வரைந்தது. மத்திய கல்லூரியையும் வேம்படி மகளிர் கல்லூரியையும் பாடசாலை நேரத்தில் வீதியிலிருந்தே பார்த்துக்கொண்டு பிரதான வீதிக்கு வந்துவிடலாம்.

பிரதான வீதியில் மெதுவாக நடக்க வேண்டும். தடித்த சுவரும் தாழ்ந்த விறாந்தையும் மரத்தூணும் கண்டால் எங்களூரில் உடனே "ஒல்லாந்தர் வீடு" என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பாணி பிரித்தானியர் காலத்திலும் தொடர்ந்தது என்பதால் அதை அப்படியே நம்பவேண்டியதில்லை. வளவின் வாசலில் கூரை போட்ட சங்கடப்படலை எங்காவது எஞ்சியிருந்தால் நின்று பாருங்கள். வழிப்போக்கர் ஒதுங்கி இளைப்பாறுவதற்கென்று வீட்டுக்காரர் தம் செலவில் கட்டிவைத்த நிழல் அது. அழகான மாளிகைகளைவிட அதைத்தான் நான் முதலில் காட்டுவேன். ஆட்கள் குடியிருக்கும் வீடுகளை எட்டிப் பார்ப்பதற்கு முன் கூப்பிட்டுக் கேட்பதே மரியாதை.

கிழக்கே பழைய பூங்காவை அடுத்துப் பழைய கச்சேரி இடிபாடாக நிற்கிறது. 1829 முதல் 1867 வரை அரசாங்க அதிபராக இருந்து வடபகுதியை ஏறக்குறைய ஓர் அரசன்போல ஆண்ட டைக் துரையின் பெயரோடு சேர்ந்த இடம் இது. கூரையில்லாத சுவர்களுக்குக் கீழே போய் நிற்கக்கூடாது.

யாழ்ப்பாண அரசர்களின் தலைநகராக இருந்த நல்லூருக்கு மாலையில் பஸ்ஸிலோ ஓட்டோவிலோ போவது புத்தி. சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரிமனை, ப வடிவிலான யமுனா ஏரி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று அருகிலேயே உள்ளன. மந்திரிமனை என்ற பெயரைக் கேட்டு அரசர் காலத்துக் கட்டடம் என்று எண்ணிவிட வேண்டாம். இன்று நிற்கும் கட்டடத்தின் வளைவுகளிலும் தூண்களிலும் ஐரோப்பியச் சாயல் வெளிப்படையாகவே தெரிகிறது. பழைய கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயர் 1621 இல் இடித்தார்கள். அதன் கற்கள் கோட்டைக்குப் போயின என்பது ஊர்வழக்கு. இப்போதைய கோயில் 18 ஆம் நூற்றாண்டில் வேறோர் இடத்தில் எழுந்தது. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே போக வேண்டும் என்பதால், வேட்டியோடு வந்தால் வசதியாக இருக்கும்.