இளம் ரஷ்ய ஸ்கேட்டரின் பயணத்தைப் பின்தொடர்வது எப்படி: பிறந்த தேதியில் தொடங்கி புள்ளித் தாள் வரை

ரஷ்யாவில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் ஒருவர் பனித்தளத்தில் ‘குவாட்’ எனப்படும் நான்கு சுற்றுத் தாவலைப் போட்டுக் காட்டிய காணொளி ஒவ்வோர் ஆண்டும் பரவுகிறது. அடுத்த ஒலிம்பிக் தங்கம் இவருக்குத்தான் என்று உடனே பேச்சு எழுகிறது. அப்படிப் பேசப்பட்டவர்களில் பலர் பதினெட்டு, பத்தொன்பது வயதுக்குள் போட்டியிலிருந்தே விலகிவிட்டார்கள். 2014 சோச்சியில் அணித் தங்கம் வென்ற யூலியா லிப்னிட்ஸ்காயாவுக்கு அப்போது வயது 15. ஓய்வு பெற்றபோது 19. காணொளியையும் பதக்கக் கணக்கையும் மட்டும் பார்த்தால் இது ஏன் என்று புரியாது. பிறந்த தேதி, போட்டி நாட்காட்டி, புள்ளித் தாள் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் புரியும்.

முதலில் பிறந்த தேதி

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் வயதுக் கணக்கு ஜூலை 1-இல் முடிகிறது. சீசன் தொடங்கும் முன் அந்தத் தேதிக்கு முன்பே குறிப்பிட்ட வயதை எட்டியிருக்க வேண்டும். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கமான ஐஎஸ்யு, சீனியர் போட்டிகளுக்கு நெடுநாள் 15 வயதை வைத்திருந்தது. 2022 ஜூனில் எடுத்த முடிவின்படி 2023-24 சீசனில் 16 ஆகவும், 2024-25 முதல் 17 ஆகவும் அதை உயர்த்தியது. ஜூனியருக்குக் குறைந்தது 13.

ஒரு வாரம் முன்னே பின்னே பிறந்தால் ஒரு முழு சீசன் கிடைக்கும் அல்லது போகும். அலெக்சாண்ட்ரா துருசோவா பிறந்தது 2004 ஜூன் 23. எட்டு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் 2019-20-இல் சீனியராக ஆடியிருக்க முடியாது. அலியோனா கோஸ்தர்னயா அவரைவிடப் பத்து மாதம் மூத்தவர். 2003 ஆகஸ்ட் 24-இல் பிறந்ததால் ஜூலைக் கோட்டைத் தவறவிட்டு, துருசோவாவோடு அதே 2019-20-இல்தான் சீனியர் ஆனார். 2004 மார்ச்சில் பிறந்த அன்னா ஷெர்பகோவாவும் அதே ஆண்டு வந்தார். மூவரும் சேர்ந்து வந்ததால்தான் 2020 ஐரோப்பியப் போட்டியில் முதல் மூன்று இடங்களும் அவர்களுக்கே போயின.

ஆகவே ஒரு ஸ்கேட்டரைப் பின்தொடரத் தொடங்கும்போது முதல் வரியில் பிறந்த தேதியை எழுதுங்கள். அடுத்த வரியில், எந்த ஜூலை 1-க்குப் பிறகு சீனியர் ஆகலாம் என்பதையும், அப்போது அடுத்த ஒலிம்பிக்குக்கு எத்தனை சீசன் மிச்சம் என்பதையும் எழுதுங்கள். 2007 ஜூன் 5-இல் பிறந்த அடேலியா பெட்ரோசியான் 2024-25-இல் தகுதி பெற்றார். 2026-க்கு அவர் கையில் இருந்தது இரண்டு சீசன்தான்.

எந்தப் போட்டி எதற்குக் கணக்கு

ரஷ்யாவின் உள்நாட்டு சீசன் செப்டம்பரில் தேசிய அணியின் முன்னோட்ட ஆட்டங்களோடு தொடங்கும். இதற்குப் பதக்கம் கிடையாது. புதிய நிகழ்ச்சியைக் கூட்டமைப்பும் நடுவர்களும் பார்வையிடும் நாள். பிறகு இலையுதிர் காலம் முழுக்க உள்நாட்டுச் சுற்றுகள், டிசம்பர் கடைசியில் ரஷ்ய சாம்பியன்ஷிப், அதன் பின் ஜூனியர் தேசியப் போட்டி. டிசம்பர் போட்டிதான் மிகக் கடினமானது. ஆனால் அதில் ஜெயிப்பதும் சர்வதேச அணியில் இடம்பிடிப்பதும் ஒன்றல்ல.

2018 டிசம்பரில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்கள் ஷெர்பகோவா, துருசோவா, கோஸ்தர்னயா. மூவருமே சீனியர் வயதை எட்டாதவர்கள். ஐந்தாம் இடத்தில் இருந்த அலினா ஜாகிதோவாதான் 2019 மார்ச்சில் உலக சாம்பியன் ஆனார். தேசியப் பட்டியலைப் பார்க்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வயதைக் குறித்துவிட்டு, தகுதியில்லாதவர்களை நீக்கி மறுபடி எண்ணுங்கள். அந்த இரண்டாவது வரிசைதான் அணித் தேர்வுக்கு உதவும்.

இன்னொரு கவனம்: உள்நாட்டு மதிப்பெண்ணை உலக மதிப்பெண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது. 2020 டிசம்பரில் செல்யாபின்ஸ்கில் ஷெர்பகோவா பெற்றது 264.10. மூன்றே மாதத்தில் ஸ்டாக்ஹோமில் உலகப் பட்டம் வென்றபோது பெற்றது 233.17. அங்கே ஒரு குவாடில் விழுந்தார் என்பது உண்மைதான். ஆனாலும் 31 புள்ளி வித்தியாசத்தை ஒரு விழுகையால் விளக்கிவிட முடியாது. தேசியப் போட்டிகளில் நடுவர்கள் தாராளமாகப் போடுவார்கள். ஐஎஸ்யு-வின் தனிப்பட்ட சிறந்த மதிப்பெண் பட்டியலில் உள்நாட்டு எண்கள் ஏறாமல் இருப்பதும் இதனால்தான்.

2022 மார்ச் 1 அன்று ரஷ்ய ஸ்கேட்டர்களை ஐஎஸ்யு விலக்கிவைத்த பிறகு இந்தச் சிக்கல் பெரிதாகிவிட்டது. அதற்குப் பின் வளர்ந்த பெண்களுக்கு ஒப்பிட சர்வதேச எண்ணே இல்லாமல் இருந்தது. 2025 செப்டம்பரில் பெய்ஜிங்கில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் நடுநிலை வீரராக இறங்கி பெட்ரோசியான் வென்றபோதுதான் வெளிநாட்டு நடுவர் குழுவின் மதிப்பீடு கிடைத்தது. இப்படிக் கிடைக்கும் ஒரே ஒரு தாள், பத்து உள்நாட்டுத் தாள்களைவிட மேலானது.

புள்ளித் தாளைப் படிக்கும் முறை

ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் விரிவான புள்ளித் தாள் வெளியாகும். பலர் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். விஷயம் முழுக்க நடுப்பகுதியில் இருக்கிறது.

இடது பக்கம் ஒவ்வொரு தாவலின் பெயர், அதன் அடிப்படை மதிப்பு. டோ லூப், லூட்ஸ், ஃபிளிப், ஆக்சல் என்பவை தாவல் வகைகள்; டிரிபிள் என்றால் மூன்று சுற்று. 2022 பெய்ஜிங் காலத்து மதிப்புகள்: டிரிபிள் டோ லூப் 4.20, டிரிபிள் லூட்ஸ் 5.90, டிரிபிள் ஆக்சல் 8.00, குவாட் டோ லூப் 9.50, குவாட் ஃபிளிப் 11.00, குவாட் லூட்ஸ் 11.50. பக்கத்தில் ஒன்பது நடுவர்களும் -5 முதல் +5 வரை தரம் போட்டிருப்பார்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டுச் சராசரி எடுப்பார்கள். ஒவ்வொரு தரப்புள்ளியும் அடிப்படை மதிப்பில் பத்து சதவீதம்.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டால், பயிற்சியாளர்கள் ஏன் சின்ன வயதிலேயே குவாடைத் துரத்துகிறார்கள் என்பது தெரிந்துவிடும். சுத்தமான டிரிபிள் லூட்ஸுக்குச் சராசரி +2 கிடைத்தால் 7.08. அதே தரத்தில் குவாட் லூட்ஸ் 13.80. முழுச் சுற்றும் சுற்றி விழுந்தால் 11.50-இல் பாதி போய் 5.75, விழுந்ததற்கு மேலும் ஒரு புள்ளி கழிந்து 4.75. சுற்று குறைந்து விழுந்தால், அடிப்படை மதிப்பே 80 சதவீதமாகி, 3.60. அதாவது, முழுச் சுற்றும் சுற்றக்கூடிய பெண் நான்கு முறையில் ஒரு முறைக்குச் சற்று மேல் நின்றாலே சராசரியில் டிரிபிளை முந்திவிடுகிறார். சுற்றுக் குறையோடு விழுபவருக்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல் வேண்டும். விழுந்தால் கலைக் கூறுகளுக்கான மதிப்பெண்ணும் இறங்கும் என்பதைச் சேர்த்துக்கொண்டாலும், துணிவது லாபமாகவே இருக்கிறது. தாவலைப் பாதியில் கைவிட்டு இரட்டையாக இறங்குவதுதான் பெரு நஷ்டம்: டபுள் லூட்ஸின் மதிப்பு 2.10 மட்டுமே.

தாவல் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு குறிகளைத் தவறவிடாதீர்கள். ‘க்யூ’ எழுத்து இருந்தால் இறங்கியபோது சரியாகக் கால் சுற்று குறைந்தது. அடிப்படை மதிப்பு குறையாது, தரம் மட்டும் இறங்கும். ‘<’ ஒன்று இருந்தால் கால் சுற்றுக்கு மேல், அரைச் சுற்றுக்குள் குறைவு. மதிப்பில் 80 சதவீதம்தான் கிடைக்கும். ‘<<’ என இரண்டு இருந்தால் அரைச் சுற்று அல்லது அதற்கு மேல். குவாடை டிரிபிளாக எண்ணிவிடுவார்கள். ‘ஈ’ எழுத்து பிளேடின் தவறான விளிம்பில் கிளம்பியதைக் காட்டும். அதற்கும் 80 சதவீதம். ‘எக்ஸ்’ தண்டனை இல்லை. நிகழ்ச்சியின் பின்பகுதியில் போட்ட தாவலுக்கான பத்து சதவீத ஊக்கம் அது.

இந்த ஊக்கத்துக்கும் ஒரு ரஷ்யப் பெண்ணே எல்லை வகுக்கக் காரணமானார். 2018 பியாங்சாங்கில் ஜாகிதோவா ஃப்ரீ ஸ்கேட்டின் (இரண்டு ஆட்டங்களில் நீளமானது) ஏழு தாவல் முயற்சிகளையும் இரண்டாம் பாதியிலேயே வைத்துத் தங்கம் வென்றார். அடுத்த சீசனிலிருந்து ஃப்ரீ ஸ்கேட்டில் கடைசி மூன்றுக்கும், குறுகிய ஆட்டமான ஷார்ட் புரோகிராமில் கடைசி ஒன்றுக்கும் மட்டும் ஊக்கம் என்று விதி மாறியது. தரப்புள்ளி அளவும் அப்போதுதான் -3/+3-இலிருந்து -5/+5 ஆனது. எனவே 2018 கோடைக்கு முந்தைய மொத்தங்களைப் பிந்தையவற்றோடு ஒப்பிடுவதில் பயனில்லை. ஜூனியர் ஃப்ரீ ஸ்கேட் மூன்றரை நிமிடம், சீனியருக்கு நான்கு நிமிடம் என்பதையும் மறக்க வேண்டாம்.

தாளின் அடியில் கலைக் கூறுகள்: 2022-23 முதல் அமைப்பு, வெளிப்பாடு, சறுக்குத் திறன் என்று மூன்று. பெண்களுக்கு ஷார்ட் புரோகிராமில் 1.33 ஆலும், ஃப்ரீ ஸ்கேட்டில் 2.67 ஆலும் பெருக்குவார்கள். அலட்சியமாக விட்டுவிடக்கூடிய இந்தப் பகுதிதான் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கத்தை முடிவு செய்தது. துருசோவா ஃப்ரீ ஸ்கேட்டில் ஐந்து குவாட் போட்டார்; தொழில்நுட்பப் பகுதியில் 106.16, கூறுகளில் 70.97, ஆக 177.13. ஷெர்பகோவா போட்டது இரண்டு குவாட், 100.49-உம் 75.26-உம் சேர்ந்து 175.75. அந்த ஆட்டத்தில் துருசோவா 1.38 முன்னால். ஆனால் ஷார்ட் புரோகிராமில் டிரிபிள் ஆக்சலில் விழுந்து 74.60-இல் நின்றிருந்தார், ஷெர்பகோவா 80.20. இறுதியில் 4.22 புள்ளியில் தங்கம் கைமாறியது. சீனியர் பெண்கள் ஷார்ட் புரோகிராமில் குவாட் போட அப்போது அனுமதியில்லை. குவாடை நம்பி வளர்ந்தவருக்கு அங்கே டிரிபிள் ஆக்சலைத் தவிர வேறு துருப்பு இருக்காது. ஒரு ஜூனியரைப் பார்க்கும்போதே அவரிடம் அது இருக்கிறதா என்று கவனியுங்கள்.

காணொளியைத் தாளோடு சேர்த்துப் பார்த்தல்

வேகத்தைக் கால் பங்காகக் குறைத்து, பிளேடின் முன்பல் பனியைத் தொடும் கணத்தில் நிறுத்துங்கள். பிளேடு ஓடப்போகும் திசையோடு எவ்வளவு கோணத்தில் நிற்கிறது என்று பார்த்தால் சுற்றுக் குறை தெரியும். கேமரா பக்கவாட்டில் இருந்தால் மட்டுமே இந்தக் கோணத்தை நம்பலாம்; தாவல் கேமராவை நோக்கி வந்தாலோ விலகிப் போனாலோ கண் ஏமாறும். லூட்ஸில் கிளம்பும் முன் இடது கால் வெளிவிளிம்பில் சாய்ந்திருக்க வேண்டும், ஃபிளிப்பில் உள்விளிம்பில். பலருக்கு லூட்ஸில் கடைசி நொடியில் கணுக்கால் உள்ளே சரிந்துவிடும். பத்து வயதில் பழகிய இந்தச் சரிவு பிறகு அரிதாகவே திருந்துகிறது. ஜூனியர் தாள்களில் ‘ஈ’ திரும்பத் திரும்ப வந்தால் சீனியரிலும் வரும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

உடல் வளரும் ஆண்டு

குவாடில் காற்றில் கிடைப்பது முக்கால் நொடிக்கும் குறைவு. உயரமும் இடுப்பும் வளரும்போது அதே நேரத்துக்குள் அதே சுற்றைச் சுற்ற அதிக விசை தேவை. தசை அந்த வேகத்தில் வளராது. இதன் தடம் தாளில் ஒரு ஒழுங்கோடு தெரியும். முதலில் பின்பகுதித் தாவல்களில் ‘க்யூ’ முளைக்கும். அடுத்து ‘<’. பிறகு குவாட் நிகழ்ச்சியிலிருந்தே காணாமல் போகும். டிரிபிள்களிலும் ‘க்யூ’ வரத் தொடங்கினால் களைப்போ காயமோ இருக்கலாம். முதுகும் பாதமும்தான் அதிகம் அடிவாங்கும் இடங்கள். அடுத்தடுத்து இரண்டு போட்டிகளில் விலகினால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இந்த ஆண்டைப் பார்த்து ஒருவரைக் கைகழுவிவிடாதீர்கள். எலிசவேத்தா துக்தமிஷேவா 14 வயதில், 2011-இல், இலையுதிர் காலச் சர்வதேசத் தொடரான கிராண்ட் பிரீயில் இரண்டு சீனியர் போட்டிகளை வென்றார் (அந்தத் தொடருக்கு அப்போது 14 வயது போதும்). 2013 டிசம்பர் தேசியப் போட்டியில் பத்தாம் இடம். சோச்சி ஒலிம்பிக் போயிற்று. 2015-இல் டிரிபிள் ஆக்சலோடு உலக சாம்பியன். 2021-இல், 24 வயதில், உலக வெள்ளி. செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் அலெக்சி மிஷினிடம் பயின்ற அவர் சரிந்து மீண்டதற்கு அடிப்படை, உயரமும் வலுவும் கொண்ட தாவல் நுட்பம் என்பது எங்கள் கணிப்பு. தாவல் குறையும் ஆண்டில் சறுக்குத் திறனுக்கான மதிப்பெண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் காத்திருக்கலாம்.

பதிவேடு

ஒரு விரிதாளில் ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு வரி போதும்: தேதி, அன்றைய வயது (மாதத்தோடு), போட்டி, உள்நாடா சர்வதேசமா, முயன்ற குவாட், குறியில்லாமல் நின்ற குவாட், ‘க்யூ’ மற்றும் ‘<’ எண்ணிக்கை, மூன்று கூறுகளின் சராசரி, பயிற்சியாளர். கடைசிக் கட்டம் முக்கியம். பயிற்சியாளர் மாற்றம் பெரும்பாலும் சீசன் முடிந்த வசந்த காலத்தில் நடக்கும். துருசோவா 2020 மே மாதம் எதெரி துத்பெரிட்சேயிடமிருந்து எவ்கேனி புளுஷென்கோவிடம் போய் 2021 மேயில் திரும்பி வந்தார். மாற்றத்துக்குப் பிந்தைய முதல் இரண்டு போட்டிகளை வைத்து எந்த முடிவுக்கும் வரவேண்டாம். புது ஆசானின் தாக்கம் தெரிய ஒரு சீசனாவது ஆகும்.

பழைய முடிவுகளை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கவும் வேண்டும். 2021 டிசம்பர் 25 அன்று எடுத்த மாதிரியில் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்ததற்காக, காமிலா வலியேவாவுக்கு விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2024 ஜனவரி 29 அன்று நான்கு ஆண்டுத் தடை விதித்தது. மாதிரி எடுத்த 2021 டிசம்பர் 25 முதலான அவரது முடிவுகள் ரத்தாயின. பெய்ஜிங் அணிப் போட்டியின் தங்கம் அமெரிக்காவுக்கும் வெள்ளி ஜப்பானுக்கும் போயின. தீர்ப்புக்கு முன் வெளியான பட்டியல்களில் பழைய வரிசைதான் இன்னும் இருக்கும். அதிலிருந்து எண்களை எடுத்திருந்தால் உங்கள் தாளில் அந்த வரிகளைத் திருத்தி, திருத்திய தேதியையும் பக்கத்தில் போட்டுவையுங்கள்.