நடைச் சோதனையை வைத்துப் பயிற்சி சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆயா, இன்னைக்கு 300 மீட்டர் நடந்துட்டீங்க. வீட்டிலயும் தினம் அதே 300 மீட்டர் நடங்க, போதும்."

அக்கறையோடு சொல்வதுதான், ஆனால் போதாது. நுரையீரல் நோயாளி ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்பதுதான் ஆறு நிமிட நடைச் சோதனை. அதில் வரும் தூரத்தை வைத்து வேகத்தைக் கணக்கிட வேண்டும். அந்தத் தூரமே பயிற்சி ஆகாது. 300 மீட்டரை ஆறால் வகுத்தால் நிமிடத்துக்கு 50 மீட்டர். பயிற்சிக்கு அந்த வேகத்தில் 80 சதவீதத்தை எடுத்துக்கொண்டால் 40 மீட்டர். அந்த வேகத்தில் 20 நிமிடம் நடந்தால் 800 மீட்டர் வருகிறது. 300 மீட்டரோடு நிறுத்தினால் ஏழரை நிமிடத்தில் பயிற்சி முடிந்துவிடும். ஒரேயடியாக 20 நிமிடம் முடியாதவர்கள் இடையிடையே உட்கார்ந்து நடக்கட்டும். மொத்த நேரத்தைக் குறைக்காதீர்கள்.

சோதனையே பிசகினால் இந்தக் கணக்கும் பிசகும். கிளினிக் தாழ்வாரத்தில் 10 மீட்டர்தான் இருக்கிறது என்று அதிலேயே நடக்கவிட்டால், திரும்புவதிலேயே நேரம் போய்த் தூரம் குறைந்துவிடும். ஐரோப்பிய, அமெரிக்க நுரையீரல் மருத்துவ அமைப்புகள் 2014இல் வெளியிட்ட நெறிமுறை 30 மீட்டர் தடம் வேண்டும் என்கிறது. இரண்டு முறை நடக்க வைக்கவும் சொல்கிறது. முதல் தடவை தயங்கி நடப்பவர்கள் அடுத்த தடவை பெரும்பாலும் கூடுதலாக நடக்கிறார்கள். நடுவில் அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து, இரண்டில் அதிகமான தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேரமில்லை என்று இதைத் தட்டிக்கழிப்பது நோயாளிக்குத்தான் நஷ்டம்.

அப்புறம், ஆக்சிஜன் அளவு. நடந்து முடித்த பிறகு மட்டும் விரலில் கருவியை மாட்டிப் பார்ப்பது போதாது; நடக்கும்போது எவ்வளவு இறங்கியது என்பதே முக்கியம். கருத்த தோலில் அந்தக் கருவி அளவைக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும். நம்மவர்களிடம் இதை மறக்கவே கூடாது. எண் நன்றாக இருக்கிறது என்று ஆளின் முகத்தைப் பார்க்காமல் விடாதீர்கள்.

சமதளத்தில் அளந்த வேகத்தை டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி மேட்டுத் தெருவுக்கும் அப்படியே சொல்வது இன்னொரு தவறு. அங்கே மூச்சிரைப்பைத்தான் பார்க்க வேண்டும்: இரைப்பே இல்லாததைச் சுழியம், தாங்க முடியாததைப் பத்து என்று வைத்தால், மூன்று, நான்கு என்ற அளவில் இரைக்கலாம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்த வேண்டும்.

கடலோர டர்பனில் சோதித்தவர் ஜோகன்னஸ்பர்க்கில் மகள் வீட்டுக்குப் போய்த் தங்கினால் பழைய கணக்கு செல்லாது. அந்த ஊர் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக்சிஜன் அங்கே இன்னும் இறங்கும். அங்கேயே ஒருமுறை சோதித்து, வேகத்தை மாற்றி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.