உதட்டைச் சுற்றி இருக்கும் மெல்லிய கோடுகளை மேக்கப்பில் மறைப்பது எப்படி?

மேலுதட்டுக்கு மேல் நெட்டுக்குத்தாகச் சின்னச் சின்னக் கோடுகள் விழுந்திருக்கும், லிப்ஸ்டிக் போட்ட கொஞ்ச நேரத்தில் நிறம் அந்தக் கோடுகள் வழியாக ஏறி வெளியே கசிந்திருக்கும். உடனே நாம் என்ன செய்கிறோம்? இன்னும் கொஞ்சம் ஃபவுண்டேஷன், அதன் மேல் நிறைய காம்பேக்ட். அங்கேதான் கெட்டுப்போகிறது. பவுடர் கோட்டுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, இல்லாத கோட்டையும் சேர்த்துக் காட்டும். வாயைச் சுற்றி எவ்வளவு குறைவாகப் போடுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

வாயைச் சுற்றி வட்டமாக ஒரு தசை இருக்கிறது. பேசும்போதும், ஸ்ட்ராவில் உறிஞ்சும்போதும், உதட்டைக் குவிக்கும்போதும் அது சுருங்கிச் சுருங்கி, மேலே இருக்கும் தோல் மடிகிறது. வயதோடும் வெயிலோடும், தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் குறையும்போது அந்த மடிப்பு நிலைத்துவிடுகிறது, புகைபிடிப்பவர்களுக்குச் சீக்கிரமே வரும். மேக்கப் எதுவும் இதை அழிக்காது, கண்ணுக்குத் தெரிவதைக் குறைக்கும், அவ்வளவுதான்.

முதலில் ஈரப்பதம். முகம் கழுவி, தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே கிளிசரின் அல்லது ஹயலுரோனிக் ஆசிட் உள்ள மாய்ஸ்சரைசரை உதட்டைச் சுற்றித் தடவுங்கள். உதட்டில் கொஞ்சம் வாஸ்லின். பகலில் வெளியே போவதென்றால் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனும் வேண்டும். பத்து நிமிடம் விடுங்கள், அதற்குள் புடவை கட்டலாம், தலை வாரலாம். தோல் உறிஞ்சுவதற்குள் அடுத்ததைப் போட்டால் எல்லாம் திரி திரியாக உருண்டு வரும்.

அடுத்து பிரைமர், அதாவது ஃபவுண்டேஷனுக்கு முன் தோலைச் சமப்படுத்தப் போடுவது. பாக்கெட்டில் டைமெத்திகோன் என்று இருக்கிறதா பாருங்கள், அது சிலிகான் வகை, கோட்டை நிரப்பிச் சமமாகக் காட்டுவது அதுதான். ஒரு அரிசி அளவு போதும். தேய்க்காமல் மோதிர விரலால் தட்டித் தட்டி அழுத்துங்கள்.

ஃபவுண்டேஷன் நீர்த்த வகையாக இருக்கட்டும். ஸ்பாஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து, கன்னத்தில் போட்டது போக அதில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை மட்டும் வாயோரம் ஒற்றுங்கள், புதிதாக எடுக்க வேண்டாம். இப்போது ஒரு நிமிடம் பொறுத்து, நன்றாகச் சிரித்துப் பாருங்கள். எங்கே மடிந்து தேங்குகிறதோ அங்கே அதே ஸ்பாஞ்சால் இன்னொரு ஒற்று. பவுடர் அவசியம் என்றால் சின்ன பிரஷ்ஷில் தொட்டு, உதறிவிட்டு, லேசாக.

சரி, இப்போது உதடு. உதட்டில் மிச்சமிருக்கும் வாஸ்லினை டிஷ்யூவால் முழுக்கத் துடைத்துவிடுங்கள், எண்ணெய்ப் பசை இருந்தால் பென்சில் பிடிக்காது. உங்கள் உதட்டு நிறத்துக்கு நெருக்கமான லிப் லைனரைக் கூராகச் சீவி, ஓரத்தில் சிறு சிறு கோடாக வரைந்து, அதே பென்சிலால் உள்ளேயும் நிரப்பிவிடுங்கள். பென்சிலில் இருக்கும் மெழுகு வரப்பு போல நின்று நிறத்தை வெளியே ஓடவிடாது. ஓரத்தைத் தாண்டி வரைந்து உதட்டைப் பெரிதாக்கும் வேலை இங்கே வேண்டாம், நேராகக் கோடுகளின் மேல்தான் போய் நிற்கும்.

லிப்ஸ்டிக்கை பிரஷ்ஷால் மெல்லியதாகப் போட்டு, டிஷ்யூவில் ஒற்றி, மறுபடி ஒரு முறை. இன்னும் உறுதியாக நிற்க வேண்டுமென்றால் டிஷ்யூவை ஒற்றை அடுக்காகப் பிரித்து உதட்டின் மேல் வைத்து, அதற்கு மேலே பவுடரைத் தட்டுங்கள், வேண்டிய அளவு மட்டும் ஊடுருவி இறங்கும். கிரீம், சாட்டின் வகைகள் நல்லது. பளபளக்கும் லிப் கிளாஸ் வழுக்கி ஓடும், காய்ந்து இறுகும் லிக்விட் மேட் லிப்ஸ்டிக் உதட்டில் இருக்கும் வெடிப்பையெல்லாம் காட்டும். அடர் மரூன்தான் பிடிக்கும் என்றால் போடுங்கள், ஆனால் துளி கசிந்தாலும் பளிச்சென்று தெரியும்.

கடைசியாக, தட்டையான மெல்லிய பிரஷ்ஷில் உங்கள் தோல் நிறத்தில் இருக்கும் கன்சீலரைத் துளி எடுத்து உதட்டின் வெளி ஓரத்தில் மட்டும் ஒரு கோடு இழுத்து, வெளிப்பக்கமாகக் கலைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், பாத்ரூம் விளக்கை நம்ப வேண்டாம்.

அப்புறம் இரண்டு விஷயம். மேலுதட்டுக்கு த்ரெட்டிங் செய்த அன்றைக்கு இதெல்லாம் வேண்டாம், தோல் எரியும். கல்யாண மண்டபத்தில் மேலுதடு வியர்த்தால் டிஷ்யூவை வைத்து அழுத்தி எடுங்கள், காம்பேக்ட்டைத் திறக்காதீர்கள்.