வயிற்று ஆபரேஷனுக்கு முன்: ரத்தம் உறையும் ஆபத்தைக் கணக்கிடுவது எப்படி?

சென்னையில் சர்ஜரி வார்டு நர்ஸாக இருக்கிறேன். அட்மிஷனுக்கு வருபவர்கள் ஸ்கேன், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் பத்திரமாகக் கொண்டுவருகிறார்கள். ரத்தக்கட்டி ஆபத்தைக் கணிக்க எங்களுக்கு வேண்டிய விவரம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அதை முந்தின நாளே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

கணக்குக்குக் காப்ரினி மதிப்பெண் என்று பெயர். வயது 41 முதல் 60 வரை 1, 61 முதல் 74 வரை 2, 75 ஆகிவிட்டால் 3. 45 நிமிடத்தைத் தாண்டும் ஆபரேஷனுக்கு 2. சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்கும் அதே 2தான். புற்றுநோய்க்கு 2. பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 25க்கு மேல் போனால் 1, கால் வீக்கத்துக்கு 1, வெரிகோஸ் நரம்புக்கு 1. முன்பே காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்திருந்தால் 3. ரத்த உறவில் யாருக்காவது அப்படி வந்திருந்தாலும் 3.

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் கணக்கு தவறுகிறது. பித்தப்பைக் கல்லுக்காகப் பெரம்பூரிலிருந்து வந்த ஓர் அக்காவுக்கு வயது 48. எடை 68 கிலோ, உயரம் 152 செ.மீ., பிஎம்ஐ 29. வயதுக்கு 1, ஆபரேஷனுக்கு 2, எடைக்கு 1, ஆக 4. நடுத்தர ஆபத்து. “வீட்ல யாருக்காவது ரத்தம் கட்டியிருக்காக்கா?” என்றதற்கு, “இல்ல சிஸ்டர்” என்றார். “யாருக்காவது ஒரு கால் மட்டும் வீங்கி, மாசக்கணக்கா ரத்தம் இளகுற மாத்திரை குடுத்தாங்களா?” என்று மாற்றிக் கேட்டேன். “எங்க அண்ணனுக்குக் குடுத்தாங்களே!” பழைய சீட்டைப் பார்த்து டாக்டர் உறுதி செய்ததும் 4 என்பது 7 ஆனது. 5 தொட்டாலே அதிக ஆபத்து. சிகிச்சைத் திட்டமே மாறியது.

அதனால் வீட்டுப் பெரியவர்களிடம் நோயின் பெயரைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். பெண்கள் கருத்தடை மாத்திரையையும், கோயில் விசேஷத்துக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடச் சாப்பிட்ட மாத்திரையையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ரத்தக்கசிவைக் கூட்டக்கூடிய ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகள் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். இந்த மதிப்பெண் ரத்தக்கசிவு ஆபத்தை அளக்காது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் வகை ஊசி வேண்டுமா என்பதை இரண்டையும் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார்.

சரி, ஆபரேஷன் முடிந்தது. “உடம்பு அலுங்கக் கூடாது, படுத்தே இரு” என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான், ஆனால் ஆபத்து. டாக்டர் அனுமதித்த உடனே கையைப் பிடித்து வராந்தாவில் நடக்க வையுங்கள். மூன்று நாளுக்கு மேல் படுக்கையிலேயே கிடந்தால் அதற்கே 2 மதிப்பெண்.

டிஸ்சார்ஜ் ஆனாலும் சில வாரங்களுக்கு ஆபத்து உண்டு. வயிற்றுப் புற்றுநோய் ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஊசியை நான்கு வாரம் வரை தொடரச் சொல்வது இதற்காகத்தான். வலியில்லை என்று பாதியில் நிறுத்தாதீர்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமோ கெண்டைக்கால் வலியோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸில் ஏறியதுமே எந்தத் தேதியில் என்ன ஆபரேஷன் நடந்தது என்று சொல்லிவிடுங்கள்.