கையெழுத்துப் போட்டாலும் செல்லாத வரிகள்

பெங்களூர் மேயோ ஹால் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் 22 வருடமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். தங்கவயலிலிருந்து தினமும் மாரிக்குப்பம் ரயிலில் வேலைக்கு வரும் பையன் ஒருவன் போன மாதம் தன் வேலை ஒப்பந்தத்தை மேசையில் வைத்தான். "முத்திரைத்தாளில் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் அக்கா. இனி ஒன்றும் செய்ய முடியாதா?"

முத்திரைத்தாள் என்பது அரசுக்குத் தீர்வை கட்டியதற்கான அடையாளம், அவ்வளவுதான். உள்ளே எழுதியது செல்லுமா செல்லாதா என்பதற்கு அது பொறுப்பல்ல.

1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23வது பிரிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தின் நோக்கமோ பிரதிபலனோ (ஒருவருக்கொருவர் தருவதாக, செய்வதாக ஒப்புக்கொண்டது) சட்டம் தடுத்ததாக, மோசடியாக, பிறர் உடலுக்கோ சொத்துக்கோ கேடாக, ஒழுக்கத்துக்கோ பொதுநலக் கொள்கைக்கோ விரோதமாக இருந்தால் அது செல்லாது. ஆனால் முழுப் பத்திரத்தையும் ஒரே மூச்சில் படித்து முடிவு கட்டாதீர்கள். பென்சிலை எடுங்கள், நிபந்தனை நிபந்தனையாகப் போங்கள்.

பையனின் ஏழாவது நிபந்தனை: வேலையை விட்டபின் இரண்டு வருடம் இதே தொழில் செய்யும் எந்த நிறுவனத்திலும் சேரக்கூடாது. இதன்மேல் நேராகக் கோடு போட்டேன். 27வது பிரிவின்படி, ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. கடையை அதன் நற்பெயரோடு விற்றவர் பக்கத்திலேயே அதே கடை போடாமல் இருக்க ஒப்புக்கொள்வது விதிவிலக்கு. வேலையில் இருக்கும்போதே போட்டி நிறுவனத்துக்கும் உழைக்காதே என்பது செல்லும். தொழில் ரகசியத்தை வெளியே கொண்டுபோகாதே என்பதும் செல்லும். பையன் இதையும் சேர்த்து அடிக்கச் சொன்னான், மறுத்துவிட்டேன்.

அடுத்தது பாண்டு: இரண்டு வருடத்துக்குள் விலகினால் 3 லட்சம் கட்ட வேண்டும். பாண்டு என்றாலே செல்லாது என்று டீக்கடையில் எல்லோரும் தீர்ப்புச் சொல்கிறார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒப்புக்கொண்ட மூன்று வருடம் முடியுமுன்னே விலகிய பொதுத்துறை வங்கி அதிகாரி ஒருவர் கட்டிய 2 லட்சம் சரி என்றே சொன்னது. திடீரென்று ஆள் போனால் மறுபடி தேர்வு நடத்த ஆகும் செலவு அங்கே கணக்கில் வந்தது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, நிறுவனத்துக்கு உண்மையில் என்ன நஷ்டம் என்பது. 74வது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் தரும். எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. பையனுக்குக் கிடைத்த பயிற்சி, அலுவலக உணவுக்கூடத்தில் மூன்று நாள் படக்காட்சி. அதற்கு 3 லட்சமா?

எந்த நீதிமன்றத்துக்கும் போகக்கூடாது என்ற வரி 28வது பிரிவால் விழும். தகராறைத் தீர்க்க நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவரிடம் போகலாம் என்றிருந்தால் விழாது. குறிப்பிட்ட ஊர் நீதிமன்றம் மட்டும் என்பதும், அந்த ஊருக்கும் வழக்குக்கும் தொடர்பிருந்தால் நிற்கும்.

ஒரு வரி செல்லாததால் பத்திரமே போய்விடாது. கெட்ட பகுதியைத் தனியே பிரிக்க முடிந்தால் மீதி நிற்கும். பிரிக்க முடியாதபடி பின்னியிருந்தால்தான் 24வது பிரிவின்படி எல்லாமே விழும். பையனுக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கி அப்படியே இருக்கிறது.

செல்லாது என்றால் நமக்கு லாபம் என்றும் நினைத்துவிடாதீர்கள். அரசு வேலைக்காகத் தரகரிடம் 4 லட்சம் கொடுத்து ஏமாந்த பெரியவர் ஒருவர், அதைக் கைமாற்றுக் கடன் என்று தட்டச்சு செய்து தரச் சொன்னார். முடியாது என்றேன், கோபித்துக்கொண்டு போனார். தெரிந்தே லஞ்சம் கொடுத்தவர் பணத்தைத் திரும்பக் கேட்டால் சிவில் நீதிமன்றம் பொதுவாகக் கை கொடுக்காது. ஒப்பந்தம் செல்லாது என்று பின்னால் தெரியவரும்போது வாங்கியதைத் திருப்பித் தரச் சொல்லும் 65வது பிரிவு அவருக்காக எழுதப்பட்டதல்ல.

பையனுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். ஏழாவது நிபந்தனை 27வது பிரிவின்படி செல்லாது. 3 லட்சத்துக்கான செலவுக் கணக்கு தருக. சம்பளப் பாக்கியை 15 நாளில் தருக. திட்டும் வார்த்தை ஒன்றும் இல்லை. இரண்டு இடத்தில் அவன் சேர்த்திருந்ததை நான்தான் எடுத்தேன். வக்கீல் ஒருமுறை பார்த்துத் திருத்தினார். ஸ்பீட் போஸ்டில் அனுப்பிய ரசீதை ரயில் சீசன் டிக்கெட்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டு போனான்.