பாலஸ்தீன வீடுகளில் வாழ்க்கை நிலைக் கணக்கெடுப்பு: செய்முறை விளக்கம்

மேற்குக் கரையில் ஹெப்ரான் பக்கம் ஒரு ஊரில் எங்கள் கணக்கெடுப்பு வெள்ளோட்டத்தின் முதல் நாள். மூன்று மாடிக் கட்டடம். கீழே பெற்றோர், மேலே கல்யாணமான இரண்டு மகன்கள். "உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?" என்று கீழ்த்தளத்தில் பெரியவரைக் கேட்டோம். 23 என்றார். முதல் மாடியில் மூத்த மகனைக் கேட்டோம். அவரும் 23 என்றார். இரண்டாவது மாடியிலும் அதே பதில். மாலையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரே 23 பேரை மூன்று தடவை எண்ணியிருந்தோம்.

அவர்கள் யாரும் தவறாகச் சொல்லவில்லை. எங்கள் படிவத்தில் குடும்பம் என்பதற்கு அரபியில் 'ஆயிலா' என்று மொழிபெயர்த்திருந்தோம். அந்தச் சொல்லைக் கேட்டால் தாத்தா, சித்தப்பா, பேரன் பேத்தி எல்லோரும்தான் மனதில் வருவார்கள். கணக்கெடுப்புக்கு வேண்டிய சொல் 'உஸ்ரா', அதாவது ஒரே குடித்தனமாக வாழ்கிறவர்கள். பாலஸ்தீன மத்தியப் புள்ளிவிவரப் பணியகமும் அதைத்தான் பயன்படுத்துகிறது. ஒரு சொல்லை மாற்றியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி தீர இரண்டு வாரம் ஆனது. இந்தப் பதிவை எழுதுவதே அந்த மீதிப் பாதிக்காகத்தான்.

சமூகப் பணி படிக்கிறவர்கள், தொண்டு நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாக மேற்குக் கரைக்குப் போகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். சராசரி, சதவீதம், மாதிரி என்றால் என்ன என்பதெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: பட்டியல் எங்கிருந்து வரும்?

1967-ல் இஸ்ரேல் எடுத்த கணக்கெடுப்புக்குப் பிறகு 30 வருடம் மேற்குக் கரையிலும் காசாவிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1992-ல் நார்வேயின் ஃபாஃபோ ஆய்வு நிறுவனம் காசா, மேற்குக் கரை, அரபு ஜெருசலேம் மூன்றிலும் சுமார் 2,500 வீடுகளில் வாழ்க்கை நிலை ஆய்வு நடத்தியபோது, கையில் நம்பகமான வீட்டுப் பட்டியல் எதுவும் கிடையாது. இன்று நம் நிலைமை எவ்வளவோ மேல். 1993-ல் புள்ளிவிவரப் பணியகம் தொடங்கியது. 1997, 2007, 2017 என்று மூன்று கணக்கெடுப்புகள் நடந்திருக்கின்றன. மாவட்ட வாரியாகவும், நகரம், கிராமம், அகதிகள் முகாம் என்று வகை வாரியாகவும் பிரித்த கணக்கெடுப்புப் பகுதிகள் இருக்கின்றன. உங்கள் மாதிரியை அதிலிருந்து எடுங்கள். சொந்தமாகக் கூகுள் வரைபடத்தில் கட்டம் போட்டு ஆரம்பிக்காதீர்கள்.

எத்தனை வீடு? 5 சதவீதப் பிழை வரம்புக்கு 384 என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். அது ஊர் முழுக்கத் தனித்தனியாகச் சீட்டு எடுத்தால். நாம் ஒரு பகுதிக்கு 10 வீடு என்று கொத்தாக எடுக்கிறோம். பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஒன்றைப் போலத்தான் இருக்கும், ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே சாலை. அந்த ஒற்றுமையை 0.1 என்று வைத்தால் மாதிரியை 1.9 மடங்காக்க வேண்டும் (1 + 9 × 0.1), 730 வருகிறது. பத்தில் ஒரு வீடு மறுக்கும் என்று வைத்தால் 811. நாங்கள் 82 பகுதி, 820 வீடு என்று முழுதாக்கிக்கொண்டோம்.

படி 2: தெருவில் நடந்து வீடுகளைப் பட்டியலிடுவது

முகாம்களில் இதற்குக் கூடுதல் நாள் ஒதுக்குங்கள். மேற்குக் கரையில் ஐநா நிவாரண முகமையின் முகாம்கள் 19 இருக்கின்றன. அகலத்தில் வளர இடமில்லாததால் எல்லாம் மேல்நோக்கி வளர்ந்தவை. போன வருடம் இரண்டு மாடியாக இருந்தது இன்று நான்காக இருக்கும். வெளியே நின்று பார்த்தால் ஒரே வாசல். மின் மீட்டர்களை எண்ணுங்கள், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகளை எண்ணுங்கள். அது முடிவான கணக்கு ஆகாது. ஆனால் உள்ளே எத்தனை கதவைத் தட்ட வேண்டும் என்று ஒரு ஊகம் கிடைக்கும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எண்ணி முடித்த வீட்டின் கதவில் சாக்பீஸால் குறி போடுவது பல நாடுகளில் வழக்கம். இங்கே போடாதீர்கள். இரவில் ராணுவம் வீட்டுக்குள் வந்து அறைகளை வரைந்துகொண்டு, யார் யார் தூங்குகிறார்கள் என்று எழுதிக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு போவது பல வருடம் நடந்த வழக்கம். விசேஷக் காரணம் இருந்தாலொழிய இனிச் செய்வதில்லை என்று 2021-ல் இஸ்ரேல் ராணுவம் அறிவித்தது. அறிவிப்பு வந்துவிட்டது என்பதற்காக அந்த நினைவு போய்விடாது. "எத்தனை அறை? இங்கே யார் படுக்கிறார்கள்?" என்ற நம் கேள்வியும் அந்த ராத்திரிக் கேள்வியும் காதில் ஒரே மாதிரி விழும். அதனால் வீட்டுப் படம் வரைய வேண்டாம், புகைப்படம் வேண்டாம், அடையாள அட்டை எண் வேண்டவே வேண்டாம். ஜிபிஎஸ் புள்ளியை வீட்டு வாசலில் பதிக்காமல் தெருமுனையில் பதியுங்கள்.

படி 3: உறுப்பினர் பட்டியல்

இதில்தான் நாங்கள் சிக்கினோம். நிதானமாகப் படியுங்கள்.

நம்மூரில் தனிக்குடித்தனம் என்றால் தனி அடுப்பு என்று சொல்லாமலே புரியும். அதே யோசனையில் "ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டோம். மூன்று மாடிக்காரர்களும் ஆமாம் என்றார்கள். அன்று சனிக்கிழமை. முந்தைய நாள் வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் கீழே அம்மா வீட்டில் உட்கார்ந்து மக்லூபா சாப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொரு வெள்ளியும் அப்படித்தான். அவர்கள் மனதில் ஒன்றாகச் சாப்பிடுவது என்றால் அதுதான்.

அப்புறம் கேள்வியை இப்படி மாற்றினோம்: "திங்கள், செவ்வாய் மாதிரி சாதாரண நாளில் ராத்திரிச் சாப்பாடு எந்த வீட்டில்? அதற்குச் சாமான் வாங்கும் பணம் யார் கையில் இருக்கிறது?" உடனே பிரிந்துவிட்டது. கீழே 4, நடுவில் 8, மேலே 11. கூட்டினால் அதே 23.

அடுத்தது பெயர் கேட்கும் வரிசை. அங்கே பெரியவர்களை மூத்த மகன் பெயரால்தான் அழைப்பார்கள். மகன் அஹ்மத் என்றால் அப்பா அபூ அஹ்மத், அம்மா உம்மு அஹ்மத். மரியாதையும் அதுதான். அதனால் பட்டியல் தானாகவே மகன்களிலிருந்து ஆரம்பிக்கும். பெண் பிள்ளைகளும் கைக்குழந்தைகளும் விடுபடுவது அந்த இடத்தில்தான். "அஹ்மதுக்கு மூத்த அக்கா இருக்கிறாரா? போன வருடம் பிறந்த குழந்தை ஏதாவது?" என்று தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் இரண்டாவது வெள்ளோட்டத்தில் இந்த ஒரு கேள்வியால் பத்து வீட்டில் நான்கு பெண் பிள்ளைகள் பட்டியலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பிறகு, வீட்டில் இல்லாதவர்கள். வேலை நிமித்தம் வாரம் முழுக்க வெளியே தங்கி வியாழன் இரவு வருகிறவர், ஜோர்டானில் படிக்கிற மகள், சிறையில் இருக்கும் மகன். வழக்கமாக வசிப்பவர்களை மட்டும் எண்ண வேண்டும் என்பது பொது விதி. அந்தப் பொது விதியை அப்படியே எடுத்தால் சிறையில் இருப்பவர் இந்த வீட்டுக் கணக்கில் வரமாட்டார். ஆனால் ஒரு அம்மா தன் பிள்ளைகளைச் சொல்லத் தொடங்கும்போது அவர் பெயரைத்தான் முதலில் சொன்னார். எங்கள் குழுவில் இருந்த இளம்பெண் டேப்லெட்டில் எழுதாமல் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அவரை எண்ணக் கூடாது" என்று அந்த அம்மாவிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அன்று ராத்திரியே படிவத்தை மாற்றினோம். இப்போது எங்களிடம் எல்லோரையும் எழுதும் ஒரே பட்டியல் இருக்கிறது. அம்மா சொன்ன வரிசையில், சொன்ன எல்லோரும் அதில் ஏறுவார்கள். பெயருக்குப் பக்கத்தில் மூன்று கட்டம்: நேற்று இரவு இங்கே தூங்கினாரா, வாரத்தில் பெரும்பாலான நாள் இங்கே இருக்கிறாரா, இந்த வீட்டுச் செலவில் பங்கிருக்கிறதா. எங்கே போயிருக்கிறார் என்று நாமாகக் கேட்பதில்லை. யாரை வீட்டு உறுப்பினராகக் கணக்கிடுவது என்பது பிறகு கணினியில் நடக்கும் வேலை. அதை வீட்டுக் கூடத்தில் வைத்துச் செய்ய வேண்டியதே இல்லை. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு நடுவில் பேட்டியை நிறுத்திக்கொண்ட வீடுகள் வெகுவாகக் குறைந்தன.

படி 4: உள்ளூர் அளவையில் கேள்வி

சர்வதேசப் படிவங்களை அப்படியே எடுத்தால் வாழ்க்கை நிலை கையில் சிக்காது. "குழாய் இணைப்பு உண்டா?" என்றால் ஹெப்ரான், பெத்லகேம் பக்கம் பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். கோடையில் அந்தக் குழாயில் பல நாள் சொட்டுத் தண்ணீர் இருக்காது. "கடைசியாகத் தண்ணீர் வந்து எத்தனை நாள் ஆயிற்று? லாரித் தண்ணீர் வாங்கினீர்களா, ஒரு கன மீட்டர் எத்தனை ஷேக்கல்?" என்று கேளுங்கள்.

நிலத்தை ஏக்கரில் கேட்காதீர்கள். தூனம்தான் கணக்கு, 1,000 சதுர மீட்டர். ஆலிவ் எண்ணெயை லிட்டரில் கேட்டால் மனக்கணக்குப் போட்டுத் தப்பாகச் சொல்வார்கள். 'தனக்கா' என்று கேளுங்கள். சுமார் 16 கிலோ பிடிக்கும் தகர டின். இந்த வருடம் எத்தனை தனக்கா, அதில் விற்றது எத்தனை, வீட்டுக்கு வைத்தது எத்தனை என்று கேட்டால் பாட்டிகூட நொடியில் சொல்வார்.

வேலை பற்றிய கேள்வியில் சர்வதேச வரையறைப்படி போன வாரம் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர். அதையும் கேளுங்கள், மற்றவர்களோடு ஒப்பிட அது தேவை. ஆனால் அத்தோடு நிற்காதீர்கள். 2023 அக்டோபரில் காசா போர் தொடங்கிய பிறகு இஸ்ரேலுக்குள் வேலைக்குப் போகும் அனுமதியை இழந்தவர்கள் ஏராளம். பாலஸ்தீன அதிகார சபையின் (அங்குள்ள பாலஸ்தீன நிர்வாகம்) ஊழியர்களுக்கு 2021 கடைசியிலிருந்தே சம்பளம் முழுதாக வருவதில்லை. "வேலையில் இருக்கிறேன்" என்பவரிடம் "போன மாதம் சம்பளத்தில் எவ்வளவு கைக்கு வந்தது?" என்று கேட்காவிட்டால் அந்தப் பதிலுக்கு அர்த்தமே இல்லை.

அபிப்பிராயக் கேள்விகளுக்கு வீட்டில் ஒருவரைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினியே எடுக்கட்டும். மருமகள் பெயர் வந்தால் "அவளுக்காக நான் சொல்கிறேன்" என்று யாராவது முன்வருவார்கள். பெண் பேட்டியாளர் ஒருவர் குழுவில் இருந்தால் அவர் சமையலறைக்குப் போய்ப் பேசிக்கொள்வார். ஆணும் பெண்ணுமாக ஜோடியாகத்தான் அனுப்ப வேண்டும், இதில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை.

படி 5: கருவி

கோபோ டூல்பாக்ஸ், டேப்லெட்டில் படிவம் நிரப்பும் மென்பொருள். என் ஓட்டு அதற்குத்தான். அரபி வலமிருந்து இடமாக ஒழுங்காக வரும், இணையம் இல்லாமலே வேலை செய்யும். மேற்குக் கரைக்கு 3ஜி வந்ததே 2018-ல்தான், சிக்னலை நம்பிப் படிவம் செய்யாதீர்கள். ஆயிரக்கணக்கான வீடுகள், சிக்கலான பட்டியல் என்றால் சிஎஸ்புரோ என்ற கணக்கெடுப்பு மென்பொருள் இன்னும் உறுதியானது, ஆனால் கற்றுக்கொள்ள நாளாகும். எதுவானாலும் தரவைக் குறியாக்கம் செய்து வையுங்கள். வழியில் சோதனைச் சாவடி இருக்கிறது. டேப்லெட் யார் கையில் போனாலும் உள்ளே எதையும் படிக்க முடியக் கூடாது.

படி 6: களத்தில்

ஒரு ஜோடிக்கு ஒரு நாளைக்கு ஐந்து வீடு. அதற்கு மேல் திட்டமிடாதீர்கள். போனதும் காபி வரும், பேச்சு நடுவில் மரமிய்யா இலை போட்ட தேநீர் வரும். வேண்டாம் என்று எழுந்திருப்பது அவமரியாதை. வெள்ளிக்கிழமை போக வேண்டாம். ரமலானில் மாலை நேரம் வேண்டாம். அக்டோபர், நவம்பரில் ஆலிவ் அறுவடை, காலையில் போனால் பூட்டிய கதவுதான். அந்த மாதங்களில் எடுத்த வருமானக் கணக்கை மற்ற மாதத்தோடு ஒப்பிடவும் முடியாது.

உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "இது உதவிப் பட்டியல் இல்லை. பதில் சொல்வதால் எதுவும் கிடைக்காது, சொல்லாவிட்டால் எதுவும் போகாது." எத்தனையோ கணக்கெடுப்பைப் பார்த்துக் களைத்த மக்கள் அவர்கள். நம்பிக்கை கொடுத்து ஏமாற்றுவது பாவம்.

சேர்க்கை 1: கிழக்கு ஜெருசலேமில் இதே படிவத்தைப் பயன்படுத்தலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கூடாது. அங்கே பெரும்பாலான பாலஸ்தீனர்களிடம் இருப்பது இஸ்ரேல் தரும் நீல அடையாள அட்டை, நிரந்தர வசிப்புரிமை மட்டும். வாழ்க்கையின் மையம் நகரத்துக்குள் இருக்கிறது என்று நிரூபிக்க முடியாவிட்டால் அந்த உரிமை போய்விடும். 1967 முதல் 14,000-க்கும் மேற்பட்டவர்கள் வசிப்புரிமையை இழந்திருக்கிறார்கள். கஃபர் அகப் போன்ற இடம் நகர எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் இஸ்ரேல் கட்டிய பிரிவினைச் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே "வாரத்தில் பெரும்பாலான நாள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் வீட்டுக்காரருக்கு அது வழக்கு விசாரணை. மேலே சொன்ன மூன்று கட்டங்களில் இரண்டாவதை எடுத்துவிடுங்கள்.

சேர்க்கை 2: காசா பற்றிப் பலர் கேட்டீர்கள். அங்கே 2017 பட்டியலில் இருந்த வீடுகளில் பெரும்பகுதி இடிந்துவிட்டது. மக்களில் கிட்டத்தட்ட எல்லோரும் இடம்பெயர்ந்தவர்கள், பலர் பல தடவை. தொலைபேசியில் கேட்கலாம். ஆனால் கைபேசியில் சார்ஜ் இருப்பவர்கள் மட்டுமே பதில் சொல்வார்கள் என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அங்கே பட்டியலைத் தொடங்க நாங்கள் வைத்திருக்கும் கேள்வி, "இப்போது உங்கள் கூடாரத்தில் யார் யாருக்குச் சாப்பாடு பார்க்கிறீர்கள்?" முன்பு வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்பதில்லை. அவர்களாகச் சொன்னால், சொன்ன வரிசையிலேயே எழுதிக்கொள்கிறோம்.